தொலைக்காட்சியும் எண்முறை அலைகளும்

2009ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாளோடு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முழுவலுத் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பைக் கைவிட்டன. அதுவரை ஏரியல் கொண்டு படங்காட்டிய பழைய பெட்டிகள் இருண்டன. பெட்டி பழுதடையவில்லை, அது அறிந்த மொழியே மாறிவிட்டது.

பழைய முறையில், அலையின் ஏற்றத்தாழ்வே படத்தின் ஒளியும் நிழலுமாயிற்று. அலை நலிந்தால் படம் மங்கும். ஆயினும் செய்தி வாசிப்பவரின் குரலேனும் கேட்கும். புதிய முறையிலோ, படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, அலையிலேறி வருகின்றன. வழியிற் சிதைந்த எண்களைப் பெட்டி தானே திருத்திக்கொள்ளும், படம் துலக்கமாயிருக்கும். திருத்த இயலாத அளவுக்குச் சிதைவு மிகுந்தால், படம் மங்குவதில்லை. துண்டு துண்டாகி அடியோடு மறைகிறது.

கேபிள் எனும் கம்பிவடத்தின் வழி வேறு. வானில் வரும் அலை கட்டிடங்களில் மோதித் தெறிக்கும். வடத்தினுள் அத்தொல்லை குறைவு. ஆதலின் அந்நாட்டில் 6 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில், வானிற் செலுத்துவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எண்களை வடத்தில் ஏற்றுகின்றனர். ஏற்றும் முறை வேறாதலின், வானலைக்கு மட்டும் அமைந்த வாங்கி வடத்தின் செய்தியை விளங்கிக்கொள்ளாது.

பழைய பெட்டி வைத்திருந்தோர் மாற்றுக்கருவி வாங்குவதற்கென, 40 டொலர் பெறுமதியான சீட்டுகளை வீட்டுக்கு இரண்டு வரை அந்நாட்டரசு வழங்கியது. அக்கருவி எண்களைப் பழைய அலையாக மாற்றித் தந்தது. இருண்ட பெட்டியை எறியுமுன், அதற்கு வேண்டியது ஒரு மொழிபெயர்ப்பாளனே எனச் சிந்திப்பது நன்று.