ஒரு பேரிங்கும் ஒரு பெரும் பெயரும்

வணிகவியல் பயின்றோர் 'நற்பெயர்' என்னும் கணக்கை நன்கறிவர். ஒரு நிறுவனம் தானே ஈட்டிய நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட நம் நாட்டுக் கணக்கியல் தரநிலைகள் இடமளிப்பதில்லை. ஆயினும், ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அதனினும் பெரிய சொத்து வேறில்லை. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் கண்ட இரு அனுபவங்கள் இதனை விளக்கும்.

1990களின் பிற்பகுதியில் போர்ஷே, நீரால் குளிர்விக்கப்படும் புதிய இன்ஜினை பாக்ஸ்டர், 911 ஆகிய கார்களில் பொருத்தியது. அதில், கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுகளுக்குக் கடத்த இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கிய சிறு பேரிங், சில கார்களில் தேய்ந்து உடைந்தது. அது உடைந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி இன்ஜினே பாழாகும். 2001 முதல் 2005 வரையிலான கார்கள் குறித்து அமெரிக்க உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு, 2013இல் சமரசத்தில் முடிந்தது.

பெரும்பாலான இன்ஜின்கள் இவ்வாறு பழுதடையவில்லை. எனினும், 'பேரிங் மாற்றப்பட்டதா?' என்பதே பழைய கார் வாங்குவோரின் முதற்கேள்வியாயிற்று. அத்தலைமுறை 911 நெடுங்காலம் மலிவாகவே விலைபோயிற்று. முகப்பு விளக்கின் வடிவம் பலருக்குப் பிடிக்காததும் ஒரு காரணமே. ஆனால் பேரிங் பற்றிய அச்சத்தின் பங்கு சிறிதன்று.

2014இல் நிகழ்ந்தது வேறு. புதிய 911 ஜிடி3 கார்களில் இரண்டு ஐரோப்பாவில் தீப்பற்றின. இணைப்புத் தண்டின் திருகு தளர்ந்து கிராங்க் உறையைச் சேதப்படுத்த, கசிந்த எண்ணெய் தீப்பற்றியதே காரணம். உரிமையாளர்கள் காரை ஓட்ட வேண்டாமென நிறுவனமே கேட்டுக்கொண்டது. 785 கார்களுக்கும் புதிய இன்ஜின் பொருத்தித் தந்தது. செலவு பெரிது, ஆனால் அந்த மாடலின் மதிப்பு குன்றவில்லை.

உத்தரவாதப் பழுதுபார்ப்புச் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டுக் கணக்கில் ஒதுக்கீடு செய்யலாம். இழந்த நம்பிக்கைக்கு அவ்வாறு ஒதுக்கீடு செய்ய இயலாது. குறையை ஒப்புக்கொள்ளும் காலம் நீளும்தோறும் அவ்விழப்பும் வளர்கிறது.

கடன் பெற்றுப் பழைய கார் வாங்கும் நம் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பாடமுண்டு. குறைபாடு பற்றிய செய்தி ஒன்றினால் காரின் மறுவிற்பனை விலை சரியலாம். மாதத் தவணை சரிவதில்லை. எனவே, முன்பணம் கொடுக்குமுன் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அக்காருக்குத் திரும்ப அழைப்பு அறிவிப்பு ஏதேனும் உள்ளதா எனத் தயாரிப்பாளரிடம் கேட்டறியுங்கள். அவ்வாறு இருப்பின், உரிய பாகம் மாற்றப்பட்டதற்கான சர்வீஸ் ஆவணத்தைக் கேட்டுப் பெறுங்கள். குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது. அச்சட்டத்தின் பயன் நம்மை வந்தடைய, வாங்கும் முன் நாம் விசாரித்தல் வேண்டும்.