மருந்துக்கு மசியாத கிருமி

“மைனி, நீர்க்கடுப்பா? போன மாசம் எனக்கு எழுதித் தந்த மாத்திரையில் நாலு மிச்சம் கெடக்கு. தாரேன், போட்டுப் பாருங்க!”

வடசேரியிலும் கோட்டாற்றிலும் இந்த உபசாரம் நடக்காத தெரு உண்டா? சகோதரிகளே, கொடுப்பவர் மனசு தங்கம்தான். ஆனால் விழுங்குகிறவர் உடம்பில் நடப்பது வேறு. நாலு மாத்திரைக்குச் சாகிற கிருமிகள் சாகும். தாக்குப் பிடித்தவை பிழைத்துப் பெருகும். அடுத்த தடவை அவற்றிடம் அந்த மருந்தின் ஜம்பம் சாயாது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்று உரையாற்றியபோதே இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார்.

“எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று முதலிலேயே சோதித்துவிட்டால் என்ன?” என்று கேட்பீர்கள். சோதிக்கத்தான் செய்கிறார்கள். ‘கல்ச்சர்’ என்று டாக்டர் சீட்டில் எழுதுவது அதைத்தான். அந்தச் சோதனை ஓர் இல்லத்தரசிக்குக் கடன்பட்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, கிருமிகளை ஜெலட்டின் மீது வளர்க்கப் பார்த்தார். வெயிலில் அது உருகித் தொலைத்தது. அவர் மனைவி பானி, “நான் ஜெல்லிக்குப் போடுகிற அகரைப் போட்டுப் பாருங்களேன்!” என்றார். நடந்தது 1881-ல். நாம் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் வாங்குகிற அதே சரக்கு! இன்றைக்கும் கிருமி வளர்வது அதன் மீதுதான். மருந்தில் தோய்த்த காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டம் விழுந்தால், அந்த மருந்து பலிக்கும் என்று அர்த்தம்.

எல்லாம் சரி, கிருமி கண்ணுக்குத் தெரியும்படி வளர வேண்டுமே! முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் கை கட்டி நிற்க முடியுமா? அனுபவத்தை வைத்து ஊகித்து ஒரு மருந்தை ஆரம்பிக்கிறார். சாதாரண நீர்க்கடுப்பானால் தாங்கும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டால்? அங்கே மணிக்கணக்குத்தான்.

இந்த இரண்டு நாளை மூன்று மணி நேரமாகக் குறைக்கும் கருவி ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் புஷ்பவனம் குழுவினர் செய்து, 2025-ல் அறிவித்தார்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் சானல் வழியே வந்து வயலுக்குப் பாய்கிறதல்லவா? அதுபோல ஒரு சிறு வில்லைக்குள் மிக நுண்ணிய வாய்க்கால். அதில் கரியாலான மின்வாய்கள். தங்கம் கிங்கம் கிடையாது. கலியாணப் பத்திரிகைக்குச் செய்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலேயே அவற்றை அச்சிட்டு விடுகிறார்கள்.

வாய்க்காலில் ஊட்டச் சத்துள்ள திரவத்தோடு கிருமியை விடுகிறார்கள். அது தின்று பெருகப் பெருகத் திரவத்தில் மின்சாரம் பாயும் விதம் மாறுகிறது. தண்ணீரில் உப்புக் கரைத்தால் மாறுகிறதே, அப்படி. மருந்து கலந்து ஒரு தடவை, கலக்காமல் ஒரு தடவை பார்க்கிறார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மாறினால் கிருமி மருந்தை மதிக்கவில்லை! காலையில் கொடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில்.

சுவீடனில் பிறந்த வேறொரு கருவி, சிறுநீரில் உள்ள கிருமிகளைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் சிறைப்பிடித்துக் காமிராவால் கவனிக்கிறது. முக்கால் மணியில் முடிவு! 2024-ல் இங்கிலாந்தின் லாங்கிட்யூட் பரிசான எண்பது லட்சம் பவுன் அதற்குப் போயிற்று.

உடனே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போய், “மூன்று மணிக் கருவி எங்கே?” என்று கேட்டுவிடாதீர்கள். சென்னைக் கருவி அறிவிக்கப்பட்டபோது, நோயாளிகளின் மாதிரிகளை வைத்துச் சரிபார்க்கும் கட்டத்தில்தான் இருந்தது. இப்போதைக்குக் கடல்பாசிதான்.

அந்தச் சோதனையும் சரியாக அமைய ஒரு விஷயம் கவனியுங்கள். சிறுநீர் மாதிரியை முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பிறகு கொடுத்தால் கிருமி தட்டுப்படாமலே போகலாம். மைனி தருகிற அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் தொடக்கூடாத மருந்து. 2016-ல் மத்திய அரசே இதை ஊருக்கெல்லாம் பிரசாரம் செய்தது.