பையன் கபடி ஆடுறான்... கோட்டாவை நம்பிப் பணம் போடலாமா?

வத்தலக்குண்டு மாதிரி ஊர்ல கபடி ஆடுற பையன் வீட்டில் இருந்தால், இந்தக் கேள்வி வந்தே தீரும்.

முதல்ல ஆட்டம் மாறினதைப் பாருங்க. முன்னாடி மூச்சுப் பிடிச்சுப் பாடி, உடம்பு பலத்தில் ஆளை இழுத்துட்டு வர்றவருக்குத்தான் மவுசு. இப்போ ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். 2014-ல் தொடங்கின புரோ கபடியில், தொடர்ந்து ரெண்டு ரெய்டு காலியாப் போனால், மூணாவதில் பாயிண்ட் எடுத்தே ஆகணும். இல்லைன்னா ரெய்டர் அவுட். அதனால மொத்தப் பாயிண்டை மட்டும் எண்ணாதீங்க. அந்த மூணாவது ரெய்டில் பத்துக்கு எத்தனை தடவை பையன் தப்பிச்சு வர்றான்? நோட்டில் எழுதி வைங்க.

அடுத்தது ரிஸ்க். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து பவன் செஹ்ராவத்தை எடுத்தாங்க. முதல் மேட்ச்சிலேயே முழங்கால் காயம், சீசனே போச்சு! புதுமுகம் நரேந்தர் 200 பாயிண்டுக்கு மேல் எடுக்க, டீம் அரையிறுதி வரை போனது.

பாடம் இதுதான்: ஒரே ஆள், ஒரே முழங்கால்னு நம்பாதீங்க. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம் உண்டு. ஆனா இடம் வேற, ஃபீஸ் வேற. படிப்புக்குத் தனி சேமிப்பு, பையன் பேரில் விபத்துக் காப்பீடு, இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான் கோச்சிங் செலவு.