ஈரம் இருந்தும் வாடும் பயிர்

"ஜீவாமிர்தம் ஊத்துறோம், பஞ்சகவ்யா தெளிக்கிறோம். மண்ணு மட்டும் ஏனுங்க மாறவே மாட்டேங்குது?" நொய்யல் கரையோரத் தோட்டக்காரர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் பிடிக்க, சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் மூட்டை மூட்டையாகச் சேர்ப்பார்கள். சாயமாவது பெரும்பகுதி துணியில் ஒட்டும். உப்பு முழுக்கக் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, அந்தக் கழிவுநீர் தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆனால் மண்ணில் ஏறிய சோடியம் உத்தரவுக்குக் கட்டுப்படாது. வாராக்கடன் கணக்குப் பார்த்தவனுக்கு இது புரியும்: புதுக்கடன் கொடுப்பதை நிறுத்தினாலும் பழைய பாக்கி அப்படியே நிற்கும்.

களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். சோடியம் மிகுந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. துகள்கள் பிரிந்து மண்ணின் கண்களை அடைக்கின்றன. நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. போதாக்குறைக்கு, வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு அதிகமானால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. காலடியில் ஈரம் இருக்கும், பயிர் வாடி நிற்கும்.

பயிருக்கு நேர்வதுதான் நுண்ணுயிருக்கும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் உப்பில் சுணங்கிவிடும். களர் மண்ணில் அம்மோனியா காற்றில் பறக்கும். நாம் ஊற்றிய தழைச்சத்து வாசனையாகவே போய்விடுகிறது. உளுந்து, தட்டைப்பயறைப் பிடுங்கிப் பாருங்கள், வேர்முடிச்சு குறைவாக இருக்கும். ரைசோபியம் மண்ணில் பிழைத்துக் கிடந்தாலும், வேர்த்தூவி வழியாக உள்ளே நுழையும் வேலை உப்பில் கெட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட மண்ணில் டிரம் டிரம்மாக ஜீவாமிர்தம் ஊற்றுவது, இடிந்த வீட்டில் ஆட்களைக் குடிவைப்பது மாதிரி. முதலில் வீட்டைச் சரி செய்யணும்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. காய்ந்த சிறு மண்கட்டியை ஒரு டம்ளர் மழைநீரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மறைத்துவிடும். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கரைந்ததுபோல் கலங்கினால், சோடியம் வேலையைக் காட்டுகிறது என்று பொருள். பிறகு மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, மின்கடத்தும் திறன், சோடியம் விகிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தழை, மணி, சாம்பல் மட்டும் எழுதிய அட்டை இதற்குப் பயன்படாது.

மருந்து, ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். சுரங்கத்தில் வெட்டியெடுத்ததாகப் பார்த்து வாங்குங்கள், உர ஆலைக் கழிவு ஜிப்சம் நமக்கு வேண்டாம். எவ்வளவு என்பதைப் பரிசோதனைதான் சொல்லணும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிற மண்ணா? அப்படியென்றால் சுண்ணாம்பு உங்களிடமே இருக்கிறது. தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அது மக்கும்போது வரும் கரியமிலவாயு அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். தக்கைப்பூண்டு உப்பையும் ஓரளவு தாங்கும்.

வெளியேறிய சோடியத்தை அடியில் இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். கிணறே உப்பாக இருப்பவர்கள், மழைக்கு முன் ஜிப்சம் போட்டு, வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே நிறுத்துங்கள். வடிகால் வெட்டாமல் இதைத் தொடங்காதீர்கள். இறங்கிய உப்பு வெயிலில் மறுபடி மேலே ஏறிவிடும். அதற்குப் பிறகு மூடாக்கு, அதற்கும் பிறகுதான் ஜீவாமிர்தம்.