முதுகில் முத்துசாமி

காலை ஐந்தரைக்கெல்லாம் புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கத்துக்கு வந்துவிடுவேன். அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, பழக்கம் போகவில்லை. பையன்கள் இருபது பேர் வருகிறார்கள். நேதாஜி நகர், திப்ராயப்பேட்டை, வம்பாகீரப்பாளையம், ரெயிலடி என்று எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ வருகிற தூரம்தான். உப்பு விளைந்த காலம் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்ட இடம் இது. ஆனால் காற்றில் உப்பு இருக்கிறது. ஒரு வாரம் எண்ணெய் போடாமல் விட்டால் சைக்கிள் செயின் சிவந்துவிடும்.

போன மாதம் ஒரு நாள், ஓட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருந்தோம். லெஃப்ட் விங்கில் ஆடும் மீனவர் வீட்டுப் பையனிடம் என் போனை நீட்டினேன். திரையில் ஒரு ஆட்டக்காரரின் முதுகு. மேலே பெயர், கீழே எண். "படிடா" என்றேன். எழுத்தெழுத்தாகப் படித்தான்: எம், ஓ, யு, டி, ஓ, யு, எஸ், எஸ், ஏ, எம், ஒய்.

"மௌடௌசாமியா மாஸ்டர்?"

"பிரெஞ்சுல ஓவும் யுவும் சேர்ந்து வந்தா 'உ'ன்னு படிக்கணும்."

உதட்டை அசைத்து மறுபடி கூட்டிப் பார்த்தான். சட்டென்று நிமிர்ந்தான். "முத்துசாமி! எங்க தாத்தா பேரு மாஸ்டர்!"

அந்த முதுகு சாமுவேல் முத்துசாமியுடையது. 1996-இல் பாரிஸில் பிறந்தவர். பிரான்சின் நாந்த் கிளப்புக்குப் பல ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவர். 2022-இல் அந்தக் கிளப் பிரெஞ்சுக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர். அம்மா காங்கோக்காரர் என்பதால் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தேசிய அணிக்கு ஆடுகிறார். அப்பா குவாதலூப் தீவைச் சேர்ந்தவர், தமிழ் வம்சாவளி. கரீபியன் கடலில் இருக்கும் ஒரு பிரெஞ்சுத் தீவுக்கு முத்துசாமி எப்படிப் போனார் என்று பையன்கள் கேட்டார்கள். அன்றைக்கு மிச்சப் பயிற்சி நடக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல இருபது பேரும் புல்லில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியேற, தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களின் கண் தங்கள் கையிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் மீது விழுந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், திரும்பிவரக் கப்பல் செலவு எங்களுடையது என்று சொல்லி ஆள் பிடித்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மர்த்தினிக் தீவுக்கும், 1854 கிறிஸ்துமஸ் வாக்கில் குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1880-களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு தடுத்து நிறுத்தும்வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். பயணத்திலும் தோட்டத்திலும் செத்தவர்கள் ஏராளம். திரும்பி வந்தவர்கள் குறைவு.

போனவர்களுக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் கேட்டால் என்ன சொல்வார்கள்? அந்த ஒற்றைப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டான் பிரெஞ்சுக் குமாஸ்தா. முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் எல்லாம் இன்று அந்தத் தீவில் குடும்பப் பெயர்கள். எழுத்துக் கூட்டு மட்டும் பிரெஞ்சு. அது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் தாத்தாவின் பிறப்புப் பதிவை எத்தாசிவில் பதிவு அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தபோது அவர் பெயரிலும் இதே ஓவும் யுவும்தான் இருந்தன. ஒரே பேனா பிடித்த கை என்று தோன்றும்.

அந்தச் சிதம்பரங்களில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹென்றி சிதம்பரம், 1863-இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேரில் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க மாட்டோம், ஓட்டு கிடையாது என்று நிர்வாகம் சொன்னபோது வழக்குப் போட்டார். 1904-இல் தொடங்கிய போராட்டம் 1923-இல்தான் முடிந்தது. இங்கேயே பிறந்திருக்கிறோம், எங்களையும் எண்ணிக்கையில் சேர் என்று பத்தொன்பது வருஷம் விடாமல் கேட்ட மனிதர் அவர். மாரியம்மனும் மதுரை வீரனும் அந்தத் தீவில் இன்றும் கும்பிடப்படுகிறார்கள். அங்கே விரும்பிச் சாப்பிடும் 'கொலொம்போ' என்ற மசாலாக் கறி நம்முடைய குழம்புதான் என்று சொல்வார்கள்.

குவாதலூப் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஒரு கால்பந்து ஆட்டத்தின்போதுதான். 1998 ஜூலை, உலகக் கோப்பை அரையிறுதி. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அல்ஜீரியா வரை போய்வந்தவர். பென்ஷன் பணத்தில் பெரிய டிவி வாங்கி வைத்திருந்தார். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு ஆட்டம். கூடம் நிறைந்து திண்ணைவரை ஆட்கள். இடைவேளை முடிந்ததும் குரோஷியாவின் சூகர் கோல் போட்டார். கூடம் செத்த வீடாகிவிட்டது. அடுத்த நிமிடமே பிரான்சின் லிலியான் துராம் பந்தைப் பிடுங்கிச் சமன் செய்தார். எழுபதாவது நிமிடத்தில் இன்னொன்று, இடது காலால். போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டார். பிரான்சுக்காக 142 ஆட்டம் ஆடிய அந்தத் தடுப்பாட்டக்காரர் வாழ்நாளில் போட்ட சர்வதேச கோல்கள் அந்த இரண்டு மட்டுமே.

எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது தாத்தா என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அவன் குவாதலூப்புல பொறந்தவன்டா. நம்ம ஆளுங்களைக் கப்பல்ல ஏத்திக்கினு போன தீவு."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தத் தீவின் பின்னால் அலையவிட்டிருக்கிறது.

குவாதலூப் தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குள். தனி நாடு இல்லாததால் ஃபிஃபாவில் இடமில்லை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட முடியாது. ஆனால் வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கான்காகாஃப் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதனால் அந்தக் கூட்டமைப்பு நடத்தும் கோல்டு கப்பில் ஆடலாம்.

2007-இல் அதற்கு முதல்முறையாகத் தகுதி பெற்றார்கள். அணியில் ஜோஸ்லின் ஆங்லோமா இருந்தார். 1993-இல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்ற மார்செய் அணிக்காரர்; பிரான்சுக்கு 37 ஆட்டம் ஆடியவர். 2002-இல் ஸ்பெயினின் வலென்சியாவில் தொழில்முறை ஆட்டத்தை முடித்துக்கொண்டு, பிறந்த தீவுக்குத் திரும்பி உள்ளூர்க் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். பிரான்சுக்கு ஆடி முடித்து ஐந்து வருஷம் ஆனவர் தீவுக்கு ஆடலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியின்படி 41 வயதில் குவாதலூப் சட்டையைப் போட்டார். கனடாவை 2-1 என்று வென்றார்கள். காலிறுதியில் ஹோண்டுராஸையும் 2-1. அரையிறுதியில் சிகாகோவில் மெக்சிகோவை எதிர்த்து எழுபது நிமிடம் வரை கோல் விடாமல் நின்று, கடைசியில் 1-0 என்று தோற்றார்கள். பத்துக் கோடிப் பேர் கொண்ட நாட்டுக்கு எதிராக நான்கு லட்சம் பேரின் தீவு. நாற்பது வயதில் எனக்கு முழங்கால் மடங்காது போனது. ஆங்லோமா அந்த வயதில் மெக்சிகோ விங்கரை ஓடித் துரத்தியதைப் பயிற்சியாளனாக எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இன்னும் சின்னத் தீவு குராசோ. நெதர்லாந்து முடியாட்சிக்குள் தன்னாட்சி பெற்ற நாடு. பரப்பு 444 சதுர கிலோமீட்டர், மக்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய 490 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கில் 12 லட்சத்து 48 ஆயிரம் பேர். 2019 ஜூனில் தாய்லாந்தின் புரிராமில் நடந்த கிங்ஸ் கப்பில் இந்தத் தீவு இந்தியாவை 3-1 என்று தோற்கடித்தது. மூன்று கோலும் முதல் பாதியிலேயே. நமக்கு சுனில் சேத்ரி பெனால்டியில் ஒன்று போட்டார். அன்றைக்குப் பலர் "இப்படி ஒரு ஊர் இருக்கா?" என்று கேட்டார்கள். 2025 நவம்பர் 18 அன்று ஜமைக்காவில் ஜமைக்காவோடு 0-0 என்று சமன் செய்து, குராசோ 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உலகக் கோப்பை வரலாற்றில் இவ்வளவு குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு தகுதி பெற்றதில்லை. அதற்குமுன் அந்தப் பெயர் 2018-இல் ஆடிய ஐஸ்லாந்திடம் இருந்தது.

எப்படிச் செய்தார்கள்? தேசிய அணிக்கு ஆட அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதோடு ஆட்டக்காரரோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அங்கே பல வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும். இது ஃபிஃபாவின் விதி. குராசோ அணியில் ஏறக்குறைய எல்லோருமே நெதர்லாந்தில் பிறந்தவர்கள். கோல்கீப்பர் எலோய் ரூம், பக்குனா சகோதரர்கள் எல்லாரும் அங்கே பிறந்து, அங்கே பயிற்சி பெற்று, பாட்டி பிறந்த தீவுக்காக ஆடுகிறார்கள். தீவின் வில்லெம்ஸ்டாடில் பிறந்தவர் தாஹித் சோங் ஒருவர்தான் என்று சொல்லலாம். போனவனின் பேரனை மறக்காமல் தேடிப் பிடித்து, வா, உனக்கு இங்கே ஒரு சட்டை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். சின்ன ஊர்கள் பெரிய ஊர்களோடு மோத இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம் வருவோம். சந்தோஷ் டிராபியில் புதுச்சேரி தனி அணியாக ஆடுகிறது. இதுவரை கோப்பையை வென்றதில்லை. புதுச்சேரி, காரைக்கால், கேரளத்துக்குள் இருக்கும் மாஹே, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் என்று நான்கு துண்டாகக் கிடக்கும் ஊரிலிருந்து ஓர் அணி சேர்ப்பதே பாடு. அதிலும் எல்லை தெருவுக்குத் தெரு மாறும். சில வருஷம் முன்பு ஒரு போட்டிக்கான தேர்வுக்கு என் பையன் ஒருவனைக் கூட்டிப் போனேன். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கார்டில் கடலூர் மாவட்டம் என்று இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் படித்தது இங்கே, பந்து உதைத்தது இங்கே, அவன் பாட்டி பிறந்ததும் இங்கே. ஆட்டோவில் திரும்பும்போது பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தான். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கடல் தாண்டிப் போய்ப் பேரனைத் தேடும் தீவுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் மடிதான் கண்ணில் வருகிறது.

நமக்கும் கடல் தாண்டிய பேரன்கள் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி முடிந்து, 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களின் பிள்ளைகள் பாரிஸின் புறநகர்களில் வளர்கிறார்கள். துராமும் அவரோடு பிரான்சுக்கு ஆடிய தியெரி ஆங்ரியும் வளர்ந்தது அதே புறநகர்களில்தான். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணிக்கு ஆட முடியும், நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆகவே குராசோ செய்ததை நாம் அப்படியே செய்ய முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மைதானத்தில் சேர்ந்து ஆட எந்தப் பாஸ்போர்ட்டும் வேண்டாம். குவாதலூப் பையன்கள் அணி ஒன்றை ஒரு முறை உப்பளத்துக்கு அழைத்து, இங்கிருந்து போன முத்துசாமிகளின் பேரன்களும் இங்கேயே இருந்த முத்துசாமிகளின் பேரன்களும் எதிரெதிரே ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் யோசியுங்கள்.

அதுவரை ஒரு சின்ன வேண்டுகோள். ஜூலை, ஆகஸ்டு விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வரும் குடும்பங்கள் இந்த நகரத்தில் நிறைய. பிள்ளைகள் வீட்டுக்குள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாகப் பாட்டிகள் என்னிடம் குறைப்படுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் காலை ஐந்தரைக்கு உப்பளம் கிரவுண்டுக்கு அனுப்புங்கள். தமிழ் வராவிட்டாலும் பரவாயில்லை, பூட்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாசலுக்குப் பக்கத்து கோல் போஸ்ட்டில்தான் நாங்கள் இருப்போம்.