வண்டியோடு வரும் தண்ணீர்

“நீங்க போய்ட்டு வாங்கப்பா. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்.”

மூன்று வருடமாக அம்மாவின் பதில் இதுதான். போர்ட்டிக்சன் என்றாலும் சரி, செராத்திங் என்றாலும் சரி. காரணம் கேட்டால் கால் வலி என்பார். உண்மைக் காரணத்தை என் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கு 68 வயது. 20 வருடமாக நீரிழிவு. பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒருமுறை கடற்கரைக்குப் போய்த் திரும்பியபோது, விரலிடுக்கில் ஒட்டியிருந்த மணல் வழி நெடுக உரசிப் புண்ணாக்கிவிட்டது. அவருக்கு வலி தெரியவே இல்லை. மறுநாள் வீக்கத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆறு வாரம் கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கால் கழுவ நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இல்லாத இடத்துக்கு இனி வருவதில்லை என்று அன்றே முடிவெடுத்துவிட்டார்.

நான் ஏர்கோன் பொருத்தும் வேலை செய்பவன். கையில் பிக்கப் வண்டி இருக்கிறது. குழாய், ஒயர், பம்பு எல்லாம் தினமும் புழங்கும் பொருள்கள். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அம்மா நடந்து போவதைவிட, அம்மா இருக்கும் இடத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது.

போத்தல் தண்ணீர் போதாதா?

போதாது. ஒரு கை போத்தலைப் பிடித்தால் தேய்ப்பதற்கு ஒரு கைதான் மிஞ்சும். மெதுவாக ஊற்றும் தண்ணீர் மணலை இடம் மாற்றுமே தவிர வெளியேற்றாது. அதற்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியை வண்டியின் கூரை மேல் வைத்தால் அழுத்தம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம், அதாவது 14.5 பிஎஸ்ஐ கிடைக்கும். கூரைக்கும் நம் கையிலுள்ள ஷவருக்கும் இடையே ஒரு மீட்டர்தான் வித்தியாசம் என்றால், கிடைப்பது 0.1 பார். கை கழுவலாம், மணலை விரட்ட முடியாது.

நான் செய்த தவறு

வெளிநாட்டவர் பலர் வண்டிக் கூரையில் ஒரு பெரிய குழாயைக் கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, மீதி இடத்தில் காற்றடித்தால் தண்ணீர் பீறிட்டு வரும். நானும் அதையே செய்தேன். நாலு அங்குலப் பிவிசி குழாய், ஒன்றரை மீட்டர் நீளம். கிட்டத்தட்ட 12 லிட்டர் பிடிக்கும். இரு முனையிலும் மூடி வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். வெயிலில் தண்ணீர் சூடாகட்டும் என்று கறுப்புச் சாயமும் அடித்தேன். பிறகு கம்ப்ரஸரால் காற்றடித்து, வீட்டு வாசலில் வெயிலில் விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெடி வெடித்தது போல் சத்தம். ஒரு முனை மூடி பறந்துபோய் வண்டியின் பின் கண்ணாடியை உடைத்திருந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் அக்கா மகன் அந்த இடத்தில் நின்று, “மாமா, இதுல குளிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனான். ஒன்பது வயதுப் பிள்ளை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தப்பு எங்கே என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பிவிசி சூட்டில் பலம் இழக்கும் பொருள். 43 டிகிரி செல்சியசிலேயே அதன் அழுத்தம் தாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நம் ஊர் வெயிலில் கறுப்புச் சாயம் பூசிய குழாய்க்கு அந்தச் சூடு எட்டாத தூரமல்ல. இன்னொன்று, தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். தண்ணீர் மட்டும் இருக்கும் குழாய் விரிசல் விட்டால் ஒழுகும். அமுங்கிய காற்று இருக்கும் குழாய் உடைந்தால் சிதறும். சாதாரணப் பிவிசி குழாயில் காற்றடைக்கக் கூடாது என்று குழாய் தயாரிப்பாளர்கள் எச்சரிப்பது இதனால்தான். வாசகர்களில் யாராவது அப்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே காற்றை இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது முயற்சி

இம்முறை காற்றே வேண்டாம் என்று முடிவு செய்தேன். உணவுப் பொருளுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் செய்த 25 லிட்டர் கேன்கள் இரண்டு, ஒரு 12 வோல்ட் பம்பு, பம்புக்கு முன்னால் ஒரு சிறிய வடிகட்டி, நாலு மீட்டர் டியூப், கையிலேயே மூடித் திறக்கும் ஷவர் தலை. எல்லாம் 250 வெள்ளிக்குள் முடிந்தது.

பம்பு வாங்கும்போது, அழுத்தம் கூடினால் தானே நின்றுவிடும் சுவிட்ச் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஷவரை மூடினால் பம்பு நிற்கும், திறந்தால் ஓடும். மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். எத்தனை ஆம்ப் ஃபியூஸ் என்பது பம்பின் மேலேயே எழுதியிருக்கும்.

ஒரு லிட்டர் போத்தலை என் பம்பு 15 வினாடியில் நிரப்பியது. நிமிடத்துக்கு 4 லிட்டர். ஓர் ஆள் உப்பு போகக் குளிக்க 4 லிட்டர், கால் மட்டும் கழுவ ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாங்கள் ஏழு பேர் குளித்து, சட்டி பானை கழுவிய பிறகும் மிச்சம் இருக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 50 லிட்டர் என்றால் ஓர் ஆளின் எடை. திடீர் பிரேக்கில் அது முன்னால் பாயும். அதனால் கேன்களை ஓட்டுநர் அறையை ஒட்டினாற்போல் வைத்து, பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வண்டியில் துளை போட்டு நிரந்தரமாக எதையாவது பொருத்துவதற்கு முன் ஜேபிஜே விதிமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிக்கப் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பூச்செடிக்கு அடிக்கும் கைப்பம்புத் தெளிப்பான் ஒன்று, 8 லிட்டர் அளவில், மைவி காரின் பின்னாலும் அடங்கும். அது காற்றழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது, அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் இருக்கும். புதிதாக வாங்குங்கள். பூச்சி மருந்து கலந்த பழையது வேண்டவே வேண்டாம்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

இந்தத் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். குடிநீர் தனியாக இருக்கட்டும். பயணத்துக்கு முன், வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டு குளோரின் பிளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் கலந்து கேனை நிரப்பி, நாலு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரைப் பம்பில் ஓடவிட்டு, கேனைக் கவிழ்த்துக் காய வையுங்கள். மிச்சத் தண்ணீரைத் திறந்து வைத்தால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகும். ஆற்றோரம் முகாம் போட்டால், சோப்புத் தண்ணீரை ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஊற்றுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் ஒன்று. வெயிலில் கிடந்த டியூபில் நிற்கும் தண்ணீர் கொதிக்கும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்தச் சூடு தெரியாது. முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டு, உங்கள் முழங்கையில் பட்டுப் பார்த்த பிறகே அவர்கள் காலில் பிடியுங்கள். மணலிலும் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். கழுவியதும் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, புண் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெலுக் கெமாங்கில் ஒரு சனிக்கிழமை

அம்மாவிடம் நிறைய விளக்கவில்லை. வீட்டு வாசலில் ஷவரைத் திறந்து காட்டினேன். கையை நீட்டிப் பார்த்தார். “கொஞ்ச நேரந்தான் வருவேன்” என்றார்.

கொஞ்ச நேரம் என்றவர் மாலை ஆறரை வரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாதம் மூடும் செருப்போடு அலை தொடும் இடம் வரை என் கையைப் பிடித்து நடந்தார். திரும்பி வந்ததும் வண்டியின் பின்கதவு ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மனைவி ஷவரைப் பிடிக்க, நான் ஒவ்வொரு விரலிடுக்காகக் கழுவினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா குனிந்து ஷவரை மூடிவிட்டார்.

“போதும். பிள்ளைங்க குளிக்கணும்ல.”

தோட்டத்து லயத்தில், காலையில் பைப்படியில் வரிசை நின்று, இரண்டு வாளியில் எட்டுப் பேர் இருந்த வீட்டை ஓட்டியவர். 50 லிட்டருக்கு நான் போட்ட கணக்கெல்லாம் அவருக்குப் புதிதல்ல. அன்று வீடு திரும்பும்போது ஒரு கேன் அப்படியே மிச்சம் இருந்தது.

வண்டி ரசா தாண்டும்போது பின்னால் இருந்து கேட்டார்: “அடுத்த ஸ்கூல் லீவு எப்பப்பா? போகும்போது ஒரு வாளியும் எடுத்து வை. பம்பை மட்டும் நம்பாதே.”

எடுத்து வைத்திருக்கிறேன்.