ஊதாவும் உப்பும்

வானவில்லின் ஏழு நிறங்களைத் தமிழில் எண்ணத் தொடங்கினால் முதலில் வருவது ஊதா. உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் அச்சொல், தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் போலவே தமிழுக்கும் வந்து நிலைத்தது. இதைக் குறையாகக் கருதும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. அந்நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்று இருப்பது 1801-இல் கண்டறியப்பட்டது. அதற்குத் தமிழில் பெயரிட வேண்டி வந்தபோது, 'புற' என்னும் நம் சொல்லை முன்னே சேர்த்துப் 'புறஊதா' என்று ஆக்கிக்கொண்டோம். இத்தனை உழைத்த சொல்லை இனியும் அயல் என்பது முறையன்று.

இந்நிறத்துக்குத் தனிப்பெயர் இல்லாமல் போனது தமிழின் குறை மட்டுமா? ஆங்கிலத்தின் 'வயலட்' ஒரு சிறு பூவின் பெயர். இந்திக்காரர்கள் கத்தரிக்காயைக் கொண்டு 'பைங்கனி' என்றும், நாவற்பழத்தைக் கொண்டு 'ஜாமுனி' என்றும் சொல்கிறார்கள். கொடுமுடியில் காவிரிக்கரைத் தோட்டங்களுக்கிடையே வளர்ந்தவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரியும். கத்தரிப்பூ நிறம் வேறு, நாவற்பழ நிறம் வேறு. முன்னது வெளிறியது, பின்னது ஏறத்தாழ கருமை. ஜவுளிக்கடையில் மூத்த பெண்கள் இன்றும் 'கத்தரிப்பூக் கலர்' என்றே கேட்கிறார்கள். மும்மூர்த்திகளும் ஒரே வளாகத்தில் கோயில் கொண்ட ஊர் இது. அவர்களுள் திருமாலின் மேனிக்கு நம் மரபு தேடிய உவமை காயாம்பூ. அந்தப் பூவைப் பார்த்தவர்களுக்கு அது நீலமா, ஊதாவா என்ற ஐயம் எழும். மரபோ அந்தக் கேள்விக்கே போகாமல் பூவைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

கத்தரிக்காய்த் தோலுக்கும் நாவற்பழத்துக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. அது நீரில் கரையும். புளிப்புப் பட்டால் சிவக்கும். துணியில் ஏற்றினால் வெயிலில் வெளுத்துவிடும். சட்டையில் பட்ட நாவற்பழக் கறை எளிதில் போவதில்லை என்பது அம்மாக்களின் அனுபவம். ஆனால் கறை வேறு, சாயம் வேறு. நிலைக்கும் ஊதாவுக்காகப் பண்டை மத்தியதரைக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கடல் நத்தைகளைக் கொன்றார்கள். கிடைத்தது சிறிதளவே. அதனால்தான் அந்தச் சாயம் ரோமப் பேரரசர்களின் அடையாளமாயிற்று.

அந்த அருமையை முடித்துவைத்தவர் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர். 1856-இல் லண்டனில், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற வேதிப்பொருளைக் கொண்டு மலேரியாவுக்கான கொய்னாவைச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, ஓர் ஊதாச் சாயம் கிடைத்தது. வணிக வெற்றி பெற்ற முதல் செயற்கைச் சாயம் அதுவே. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1956-இல், பருத்தி இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் சாயங்கள் சந்தைக்கு வந்தன. திருப்பூரின் பின்னலாடைகளுக்கு வண்ணம் தருபவை பெரும்பாலும் இவ்வகையே.

ஊதாவின் கதை கொங்கு மண்ணுக்குள் நுழைவது இங்கேதான். இச்சாயம் இழையில் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அடர்ந்த நிறம் ஏற்றும் சாயத்தொட்டியில் அதையும் விஞ்சி 50 கிராமுக்கு மேல் இடுவதுண்டு. நிறம் துணியோடு போய்விடும். உப்பு அப்படியே நீரில் தங்கிவிடும்.

அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யலில் விடப்பட்டது. சென்னிமலை அருகே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை நீரால் நிலமும் கிணறும் கெடுகின்றன என்று உழவர்களே நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அந்த வலியும் மெய்யானது. கழிவுநீரை வெளியே விடாமல், நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறையோடுதான் ஆலைகள் பின்னர் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

ஆற்றில் சாயம் ஓடினால் எல்லோரும் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், செய்தியாகிறது. நிறத்தை நீக்கிய கழிவுநீரோ தெளிந்தே ஓடும். தென்னையின் வேரையும் மண்ணின் இளக்கத்தையும் கெடுக்கும் உப்புக்கு நிறமே இல்லை. ஆகவே ஆற்றைக் கண்ணால் பார்த்துச் சான்றளிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கொடுமுடிக்குச் சற்றுக் கீழே, நொய்யல் என்ற பெயரிலேயே உள்ள ஊரருகே, அந்த ஆறு காவிரியில் கலக்கிறது. அங்கே நீரின் உப்பளவை நாள்தோறும் அளந்து, அதைக் கரையிலேயே பலகையில் தமிழில் எழுதிவைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முன்வர வேண்டும். வாய்க்காலைத் திறக்கும் முன் உழவர் படித்துப் பார்க்க அந்த ஓர் எண் போதும்.